58 வயதில் ரிட்டயர்மென்ட்... பிறகுதான் ஆரம்பமே! முதியோருக்குப் பார்வை தந்த டாக்டர் வி யார்? ஜவ்வாது மலைக்கு அவர் தரும் பாடம் என்ன?

அக்டோபர் 1, சர்வதேச முதியோர் தினம். 1990-ல் ஐ.நா. அறிவித்து, 1991 முதல் ஒவ்வோர் ஆண்டும் கடைப்பிடிக்கப்படுகிறது. அதே அக்டோபர் 1-ம் தேதி, 1918-ம் ஆண்டு, தென்தமிழகத்தின் கரிசல் காட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். உலகம் இவரைச் சுருக்கமாக டாக்டர் வி என்று அழைத்தது.

வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும். இது நம்ம ஊரில் ரொம்ப சாதாரணமாகச் சொல்லப்படும் வார்த்தை. இந்த ஒரு நம்பிக்கையை எதிர்த்துத்தான் டாக்டர் வி வாழ்நாள் முழுக்க வேலை செய்தார்.

2021 முதல் 2030 வரையிலான காலத்தை ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதற்குத் தரும் விளக்கம் எளிமையானது. நோயே இல்லாமல் இருப்பதுதான் ஆரோக்கியமான முதுமை என்று அது சொல்லவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் திறன் ஒருவருக்கு எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதுதான் கணக்கு.

இப்போது ஜவ்வாது மலையை நினைத்துப் பாருங்க. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலை. சாமையும் தினையும் விளையும் நிலம். அங்கங்கே சிதறிக் கிடக்கும் பழங்குடிக் கிராமங்கள். அங்கே ஒரு பாட்டிக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. சாமையில் கல் பொறுக்க முடியாது. அடுப்புப் பக்கம் போகவே பயம் வரும். அவர் பார்வை திரும்ப வேண்டுமென்றால் என்னவெல்லாம் நடக்க வேண்டும்? அந்தக் கேள்விக்கான பதில் டாக்டர் வி-யின் வாழ்க்கையில் இருக்கிறது.

ஆற்று மணலில் எழுதிப் படித்தவர்

டாக்டர் வி பிறந்த ஊர் எட்டயபுரம் பக்கத்தில் உள்ள அயன் வடமலாபுரம். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. வீட்டில் மூத்த பிள்ளை. பேப்பர், பென்சில் எல்லாம் எட்டாத காலம் அது. ஆற்று மணலைப் பரப்பி அதில் எழுதிப் பழகித்தான் பள்ளிப் படிப்பைத் தொடங்கினார்.

சிறு வயதிலேயே உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் கர்ப்பகாலச் சிக்கல்களால் அடுத்தடுத்து இறந்துபோனதைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களே என்ற எண்ணம் அவரை விடவில்லை. படித்து மகப்பேறு மருத்துவர் ஆக வேண்டும் என்று முடிவெடுத்தார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டப்படிப்பு. பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் மருத்துவப் படிப்பை முடித்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

விரல்கள் வளைந்தன... பாதை மாறியது

அங்கேதான் பெரிய அடி விழுந்தது. கடுமையான முடக்குவாதம். மூட்டுகள் வீங்கி, மாதக்கணக்கில் படுத்த படுக்கை. 1948-ல் ராணுவத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கை விரல்கள் நிரந்தரமாக வளைந்துவிட்டன. பேனா பிடிப்பதே கஷ்டம். பிரசவம் பார்ப்பதை நினைத்துப் பார்க்கக்கூட முடியாத நிலை.

மகப்பேறு மருத்துவக் கனவு அத்தோடு முடிந்தது. ஆனா மருத்துவத்தை அவர் விடவில்லை. கண் மருத்துவத்துக்கு மாறினார். 1951-ல் டிப்ளமோ, 1954-ல் எம்.எஸ். பட்டம்.

வளைந்த விரல்களோடு கண்ணில் ஆபரேஷனா? ஆச்சரியமாத்தான் இருக்கும். தன் கைக்குத் தோதான கருவிகளைச் செய்ய வைத்தார். கத்தியைப் பிடிக்கத் தன் விரல்களை மெல்ல மெல்லப் பழக்கினார். அந்தக் கைகளால் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனையான எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் அறுவை சிகிச்சை நிபுணர். 1960-களில் பள்ளிக்கூடம், கோயில், சந்தைத் திடல் என ஊர் ஊராகக் கண் முகாம்களை நடத்தினார். மத்திய அரசு 1973-ல் இவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

சரி, கண்புரை என்றால் என்ன?

கண்ணுக்குள் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கிறது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வயது ஏற ஏற அதில் உள்ள புரதம் மாறி, லென்ஸ் பால் கலந்த தண்ணீர் போல மங்கிவிடும். வெளிச்சம் உள்ளே போகாது. அதுதான் புரை.

இதற்குச் சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும். அவ்வளவுதான். இன்று பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சிகிச்சை.

ஆனாலும் இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் சிகிச்சை பெறாத கண்புரைதான் என்று தெரியவந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. குணப்படுத்தக்கூடிய ஒன்றால்தான் இத்தனை பேர் இருட்டில் இருக்கிறார்கள்.

பார்வை போனால் பார்வை மட்டும் போவதில்லை. தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும். வெளியே போவது நின்று, பேச்சுத்துணையும் குறையும். டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கான ஆபத்துக் காரணங்களின் பட்டியலில், சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாட்டையும் 2024-ல் லான்செட் ஆணையம் சேர்த்திருக்கிறது.

ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு தொடங்கிய வேலை

1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. 58-ஐ ஒட்டிய வயது. முடக்குவாதம் விடாத உடம்பு. வேறு யாராக இருந்தாலும் ஈசி சேரில் சாய்ந்திருப்பார்கள்.

டாக்டர் வி அதே ஆண்டில், மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில், 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புதுச்சேரி ஆசிரமத்தோடு அவருக்கு நெருங்கிய ஈடுபாடு உண்டு. அதனால் ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே வைத்தார். மத்திய அரசு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் அதே 1976-ல்தான்.

கையில் பணம் கிடையாது. குடும்ப நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கூடவே ஆபரேஷன் செய்தார்கள். தம்பி சீனிவாசன் கட்டடப் பொறுப்பைக் கவனித்தார். டாக்டர் வி கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகள்தான் அவருடைய குடும்பம், அவர்கள்தான் அவருடைய முதல் மருத்துவக் குழு.

பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டலாம், முடியாதவர்களுக்கு இலவசம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். பணம் கட்டுபவர்களிடமிருந்து வரும் வருமானத்தில் இலவச சிகிச்சையும் நடந்தது.

மெக்டொனால்ட்ஸுக்கும் கண் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவுக்குப் போனபோது டாக்டர் வி-யை ஈர்த்தது மெக்டொனால்ட்ஸ் உணவகம். அவர் கவனித்தது பர்கரின் ருசியை இல்லை. எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே செய்முறை, ஒரே வேகம் எப்படிச் சாத்தியம் என்பதைத்தான். அதே ஒழுங்கைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவர முடியாதா என்று யோசித்தார்.

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள் போடப்பட்டன. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் இன்னொருவர் தயாராக இருப்பார். முதல் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அப்படியே அடுத்த மேஜைக்குத் திரும்புவார். பார்வை அளவு எடுப்பது, நோயாளியைத் தயார் செய்வது, பிறகு கவனித்துக்கொள்வது போன்ற வேலைகளுக்கு, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தரப்பட்டது. டாக்டர் செய்தே ஆக வேண்டிய வேலை மட்டும் டாக்டருக்கு.

இதனால் ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000 ஆபரேஷன்கள் அளவுக்குச் செய்ய முடிந்தது. நாட்டின் சராசரியைவிட இது பல மடங்கு அதிகம். ஒவ்வொரு ஆபரேஷனின் செலவும் குறைந்தது.

லென்ஸ் விலை எப்படிக் குறைந்தது?

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸை 1949-ல் லண்டனில் முதன்முதலில் பொருத்தியவர் ஹரால்டு ரிட்லி. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடித் துண்டுகள் கண்ணுக்குக் கெடுதல் செய்யாமல் உள்ளேயே இருந்ததைக் கவனித்து, அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்தார்.

ஆனா அது நம்ம ஊர் ஏழைகளுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை முகாம்களில் புரையை மட்டும் எடுத்துவிட்டு, சோடா பாட்டில் மாதிரி தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுப்பார்கள். அதில் எல்லாம் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடியும் இருட்டுதான்.

வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை அப்போது 100 டாலர் அளவில் இருந்தது. ஏழை நாடுகளுக்கு இது சரிப்படாது என்று நிபுணர்கள் பலரே நினைத்தார்கள். நாமே செய்தால் என்ன என்று டாக்டர் வி குழு கேட்டது. 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற தயாரிப்புக் கூடம் உருவானது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன் என்பவரும் இதற்குத் துணை நின்றார்கள். லென்ஸின் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது.

விலை குறைந்தால் போதுமா? பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டாமா? அதற்கும் ஆய்வு நடந்தது. இரண்டு கண்ணிலும் புரையால் பார்வை இழந்த 3,400 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பழைய முறையும் தடித்த கண்ணாடியும். இன்னொரு குழுவுக்கு உள்ளே வைக்கும் லென்ஸ். 1998-ல் முடிவுகள் வெளியாயின. லென்ஸ் வைத்தவர்களுக்குப் பார்வை நன்றாக இருந்தது, அன்றாட வாழ்க்கையும் எளிதாக இருந்தது. கிராமத்து முதியவருக்கும் லென்ஸ்தான் சரி என்பதற்கு மதுரையிலிருந்தே சான்று கிடைத்தது.

இலவசம்னு சொல்லியும் ஏன் வரவில்லை?

இதுதான் டாக்டர் வி குழு சந்தித்த மிகக் கடினமான கேள்வி. முகாம் போட்டாச்சு. ஆபரேஷன் இலவசம். அப்படியும் நிறைய பேர் வரவே இல்லை.

மதுரைப் பகுதிக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1991-ல் வெளியானது. ஆபரேஷன் இலவசமாக இருந்தால் மட்டும் போதவில்லை. பஸ் செலவு, சாப்பாடு என முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட கிராமங்களில் கூடுதலானவர்கள் முன்வந்தார்கள். ஏற்கெனவே புரை ஆபரேஷன் செய்து பார்வை பெற்ற ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியது நல்ல பலன் தந்தது.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். பெரியவரைக் கூட்டிப்போக வீட்டில் ஒருவர் கூலியை இழக்க வேண்டும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். கண்ணில் கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்ற பயம் வேறு. இந்தப் பயத்தைப் போக்க டாக்டர் பேசுவதைவிட, பக்கத்துத் தெருத் தாத்தா வந்து நான் செய்துக்கிட்டேன், இப்போ தெரியுது என்று சொல்வதுதான் சட்டென்று எடுபடும்.

அதனால் முகாமுக்கு வருபவர்களைப் பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு வந்தது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போவதால் பயமும் குறைந்தது.

அப்படியும் பிரச்னை தீரவில்லை. 1999-ல் வெளியான இன்னோர் ஆய்வில், கண் பிரச்னை உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று தெரிந்தது. மீதி 93 பேர்?

எப்போதாவது ஒரு நாள் வரும் முகாம் போதாது. பக்கத்திலேயே, எப்போதும் திறந்திருக்கும் ஒரு சின்ன மையம் வேண்டும். 2000-களில் அப்படிப் பார்வை மையங்கள் உருவாயின. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் அங்கே கண்ணைப் பரிசோதிப்பார். வீடியோ அழைப்பில் டாக்டர் பேசுவார். தேனிப் பகுதியில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துணையோடு நீண்ட தூர வைஃபை இணைப்பு கொடுக்கப்பட்டது. பலருக்குக் கண்ணாடி போதும், ஆபரேஷனே தேவைப்படாது. அவர்கள் பஸ் ஏற வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

விட்டமின் மாத்திரை போட்டால் புரை வராதா?

இதையும் அரவிந்தில் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, 35 முதல் 50 வயது வரையிலான 798 பேரிடம் ஐந்து ஆண்டுகள் நடந்த ஆய்வு. ஒரு பிரிவினருக்கு விட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகள். இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத மாத்திரை.

டாக்டர் வி மறைந்த அதே 2006-ல் முடிவு வெளியானது. மாத்திரைகளால் புரை வளர்வது குறையவில்லை. முதுமையைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் மாத்திரைகள் குவிந்திருக்கும் காலத்தில், வேலை செய்யாததை வேலை செய்யவில்லை என்று சொன்ன ஆய்வும் முக்கியமானதுதான். ஏழைக் குடும்பம் வீணாகச் செலவழிக்காமல் இருக்க அது உதவும்.

ஜவ்வாது மலைக்கு இதில் என்ன இருக்கு?

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி பல ஒளியாண்டு தூரத்து நட்சத்திரங்களைப் பார்க்கிறது. அதே மலையில் ஒரு முதியவருக்குத் தன் வீட்டு வாசற்படி தெரியவில்லை என்றால், அங்கே குறைவது விஞ்ஞானம் அல்ல. தூரம்தான் தடை.

டாக்டர் வி-யின் வழியை மலைக்குப் பொருத்திப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். ஜமுனாமரத்தூர் போன்ற இடத்தில் தினமும் திறந்திருக்கும் ஒரு கண் பரிசோதனை மையம். அதில் வேலை செய்ய மலைக்கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி. ஆபரேஷன் தேவைப்படுபவர்களை ஒன்றாகக் கீழே அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு வண்டி. ஏற்கெனவே பார்வை திரும்பிய ஒரு பெரியவர், ஊர் ஊராகப் போய்ப் பேச.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கு வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் வழியைக் காட்டியிருக்கிறது. வீட்டு வாசலுக்கு மாத்திரை வர முடியும் என்றால், கண் பரிசோதனையும் வரலாம். இதற்குப் புது மருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருக்கிற சிகிச்சையைக் கடைசி வீடு வரை கொண்டுபோகும் வழியைக் கண்டுபிடிப்பதும் கண்டுபிடிப்புதான்.

கடைசி நாட்கள்

டாக்டர் வி-யைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் விட்டுப்போய்விடுகிறது. முதியோருக்காக வேலை செய்த அவரே ஒரு முதியவர். உலகம் கொண்டாடும் அவருடைய சாதனைகளில் பெரும்பகுதி 58 வயதுக்குப் பிறகு, நோயோடும் வலியோடும் வந்தவை. தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என மருத்துவமனை வளர்ந்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

2006 ஜூலை 7-ம் தேதி, 87 வயதில் மதுரையில் காலமானார். 2010-ல் அரவிந்த் நிறுவனத்துக்கு ஹில்டன் மனிதநேய விருது கிடைத்தது. 2018 அக்டோபர் 1-ம் தேதி, அவருடைய நூற்றாண்டுப் பிறந்தநாளில், கூகுள் தன் முகப்பில் டூடுல் வெளியிட்டு அவரைக் கௌரவித்தது.

வீட்டில் பெரியவங்க இருந்தா இதைக் கவனிங்க

• பார்வை புகை படிந்த மாதிரி மங்குவது, எதிரே வரும் வண்டி வெளிச்சம் கூசுவது, நிறங்கள் வெளுத்துத் தெரிவது, கண்ணாடி பவரை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பது ஆகியவை புரையின் அறிகுறிகளாக இருக்கலாம்.

• புரை நன்றாக முற்றட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வந்தாலே டாக்டரைப் பார்க்கலாம்.

• சர்க்கரை நோய் இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவசியம்.

• திடீரென்று கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, சட்டென்று பார்வை குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• அரசு மருத்துவமனைகளில் கண்புரை ஆபரேஷன் இலவசம். ஜவ்வாது மலைப் பகுதி மக்களுக்குத் திருவண்ணாமலை, வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

• வீட்டுப் பெரியவர்கள் தாங்களாகவே கண் தெரியலை என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று நினைப்பார்கள். நீங்கதான் கேட்கணும்.